செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: டீசல் வண்டிக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

அதிகாலை மூன்றரைக்குச் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்ற வேண்டும். ஈசூனில் பலமாடி கார் பார்க்கின் ஐந்தாம் தளத்தில் வேனில் ஏறிச் சாவியைத் திருகினேன். செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருகினேன், மறுபடியும் அதேதான். ஏழெட்டு முறைக்குப் பிறகு இருமிக்கொண்டே பிடித்தது. அடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் நாள் ஒரு வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். பானட்டைக்கூடத் திறக்காமல், "ஹீட்டர் பிளக்தான் அண்ணே, நாலையும் மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினோம். நான்காம் நாள் காலையில் அதே இடம், அதே இருமல்.

குளிர்ந்த எஞ்சினுக்குள் சூடு கொடுப்பதுதான் ஹீட்டர் பிளக். அந்த நான்கு ஹீட்டர் பிளக்கின் கடுப்பில் எழுதுவது இது. நான் மெக்கானிக் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் டீசல் வேன் ஓட்டித் தேக்காவுக்குச் சரக்கு இறக்குகிறவன். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வரும்படி போச்சு என்பதால் கற்றுக்கொண்டவை இவை.

2025 ஜனவரியிலிருந்து சிங்கப்பூரில் புதிய டீசல் காரையும் டாக்சியையும் பதிவு செய்ய முடியாது. ஆகவே இங்கே ஓடும் டீசல் கார்கள் எல்லாமே ஏற்கெனவே சில வருடம் உழைத்தவை. பல வேனும் லாரியும் அதைவிட அதிகமாக உழைத்தவை. ரப்பர் குழாய் இறுகிப் போயிருக்கும், ஒயர் உறை நொறுங்கியிருக்கும். பழுதைத் தேடும்போது இதை மறக்காதீர்கள்.

சாவியைத் திருகுவதை முதலில் நிறுத்துங்கள்

பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் செல்ஃப் அடிக்கக் கூடாது. அடித்தால் ஒரு நிமிடம் ஓய்வு. இல்லையென்றால் செல்ஃப் மோட்டாரும் கருகும், பேட்டரியும் இறங்கும், ஒரு பழுது மூன்று பழுதாகும்.

கடைசியாக எங்கே, என்ன எரிபொருள் அடித்தீர்கள் என்று யோசியுங்கள். பெட்ரோல் குழாயின் மூக்கு சிறியது, டீசல் டேங்கின் வாய்க்குள் தாராளமாகப் போகும். அதனால் டீசல் வண்டிக்குப் பெட்ரோல் அடித்துவிடுவது சுலபமான தவறு. அப்படி ஒரு சந்தேகம் வந்தாலே சாவியைத் தொடாதீர்கள். டீசல்தான் உயர் அழுத்தப் பம்புக்கு எண்ணெய்ப் பதம் கொடுக்கிறது. பெட்ரோல் அந்தப் பதத்தைக் கழுவிவிடும், பம்ப் தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும், அந்த இரும்புத்தூள், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரைக்கும் போகும். டேங்கை இறக்கிக் கழுவும் செலவோடு முடிய வேண்டியதைப் பல ஆயிரம் வெள்ளிக்குக் கொண்டுபோய்விடும்.

விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் இந்தச் சோதனைகள் எதையும் அங்கே செய்யாதீர்கள். எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, வண்டியை விட்டு இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஈமாஸ் மீட்பு வண்டி வந்து பக்கத்தில் குறிக்கப்பட்ட கார் பார்க்குக்கு இலவசமாக இழுத்துவிடும். மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டார்ட்டிங் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். ஹீட்டர் பிளக் செந்தணலாக இருக்கும்போது ஈதர் ஸ்பிரே உள்ளே போனால் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்துப் பிஸ்டனையே உடைக்கும்.

செல்ஃபின் சத்தத்தைக் கேளுங்கள்

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்கி அமுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் அதுவே பற்றிக்கொள்ளும். ஆகவே தேவை மூன்றுதான்: போதுமான வேகத்தில் அமுக்கம், காற்று, சரியான நேரத்தில் சரியான அழுத்தத்தோடு டீசல். இந்த மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடித்தால் போதும்.

வேகத்தைக் காது சொல்லிவிடும். மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் மற்ற எதையும் பார்க்காமல் பேட்டரிக்குப் போங்கள். நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று இல்லாமல் டீசல் எஞ்சின் பிடிப்பது கஷ்டம். மல்டிமீட்டர் இருந்தால், எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் முழு பேட்டரி, 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போய்விட்டது, அல்லது டெர்மினலிலோ எர்த் ஒயரிலோ பச்சை பூத்திருக்கிறது. இன்னொன்று: வோல்ட் ரொம்ப இறங்கினால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் கம்ப்யூட்டர் மட்டும் தூங்கிவிடும். நம் ஊர் வெக்கையில் பேட்டரிக்கு ஆயுள் குறைவு, இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தால் சந்தேகப்படலாம்.

வழக்கத்தைவிட வேகமாக, பளு இல்லாமல் விர்ரென்று சுற்றினால் அது கெட்ட சகுனம். வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இன்னொரு முறை சாவியைத் திருகாதீர்கள். வால்வும் பிஸ்டனும் இடித்திருந்தால் மேலும் இடிக்கும். பல பழைய டொயோட்டா ஹையேஸ் வேன்களில் மீட்டரில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கு எரிந்திருக்கும், "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டிருப்போம்.

வேகமும் சரி, தாளமும் சரி என்றால் அடுத்த கட்டம்.

புகையைப் பாருங்கள்

இதற்கு ஓர் ஆள் துணை வேண்டும். என் மகனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, நான் பின்னால் போய்ச் சைலன்சர் வாயில் ஃபோன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து இந்தப் பத்து விநாடிச் சோதனைக்கு ஈடாக ஒன்றும் இல்லை, காசும் ஆகாது.

செல்ஃப் அடிக்கும்போது வெள்ளையாகவோ சாம்பலாகவோ புகை வந்தால், பச்சை டீசல் வாடை அடித்தால், டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். சூடு, அமுக்கம், காற்று, டைமிங் பக்கம் தேடுங்கள். துளிப் புகையும் இல்லையென்றால் டீசலே உள்ளே போகவில்லை. டேங்க் முதல் இன்ஜெக்டர் வரையிலான பாதையிலோ, இன்ஜெக்டருக்கு உத்தரவு கொடுக்கும் மின்சாரத்திலோ கோளாறு. கறுப்புப் புகை என்றால் டீசல் இருக்கிறது, காற்றுதான் இல்லை.

புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ள புதிய வண்டிகளில் புகை தெளிவாகத் தெரியாது. அங்கே மூக்கை நம்புங்கள்.

என் வேனில் புகையே இல்லை. ஹீட்டர் பிளக் மாற்றுவதற்கு முன் யாராவது ஒருவர் பின்னால் போய்ப் பார்த்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

புகை இல்லை என்றால்

மீட்டரில் சாவி விளக்கு வேகமாக மினுக்குகிறதா, அணையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை ஏற்காவிட்டால் சில வண்டிகளில் செல்ஃப் சுற்றும், டீசல் மட்டும் போகாது. வீட்டில் கிடக்கும் மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து போட்டுப் பாருங்கள். புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்புளூ திரவம் ஊற்றும் வண்டி என்றால் அதன் அளவையும் பாருங்கள். இத்தனை கிலோமீட்டர்தான் ஓடும் என்று பல நாள் எச்சரித்துவிட்டு, பூஜ்யம் ஆனதும் நிறுத்திய வண்டி மறுபடி பிடிக்காது. அது பழுது இல்லை, சட்டம் கேட்டபடி செய்த வேலை.

அடுத்து ஃபியூசும் ரிலேயும். எஞ்சின் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் மெயின் ரிலேவைப் பக்கத்தில் உள்ள அதே அளவு ரிலேவோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாவியை ஆன் செய்தும் எஞ்சின் விளக்கு எரியவே இல்லையென்றால் சந்தேகம் நேராக இங்கேதான். காப்பிக்கடைக்குப் பின்பக்கம், குப்பைத்தொட்டி பக்கம் நிறுத்துகிறவர்கள் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், எனக்கு ஒருமுறை நடந்தது.

பழைய, கம்ப்யூட்டர் இல்லாத டீசல் எஞ்சினில் பம்பின் தலையில், டீசலைத் திறந்து மூடும் மின்வால்வாக ஒரு ஸ்டாப் சோலினாய்டு இருக்கும். சாவியை ஆன் செய்யும்போது அதில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் அந்த ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் டிக் இல்லை என்றால் சோலினாய்டு போச்சு. பழைய வண்டியில் பாதிப் பிரச்சினை இவ்வளவுதான்.

இனி டீசல் பாதை. இங்கே அவசரப்படாமல் நின்று பார்க்க வேண்டும்.

டேங்கில் டீசல் உண்மையாகவே இருக்கிறதா? முள் பொய் சொல்லும். மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் டேங்கின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்திவிட்டுச் செல்ஃப் அடித்துப் பாருங்கள்.

ஃபில்டரின் தலையில் கையால் அமுக்கும் பிரைமர் இருந்தால் அமுக்குங்கள். இருபது முப்பது அமுக்கலுக்குள் கல் மாதிரி இறுக வேண்டும். இறுகிய பிறகு வண்டி பிடித்து, மறுநாள் காலை பிரைமர் மறுபடி தொளதொளவென்று இருந்தால், இரவில் எங்கோ காற்று நுழைகிறது, டீசல் பின்வாங்கி டேங்குக்கே போய்விடுகிறது. ஓடும்போது பம்பின் இழுப்பில் இது தெரியாது, காலையில் மட்டும் வதைக்கும்.

என் வேனில் இதுதான் நடந்தது. ஐந்தாம் தளத்தின் தரை சரிவு. மூக்கு மேல் நோக்கி நிறுத்திய நாட்களில் மட்டும் காலையில் பிடிக்கவில்லை. சமதளத்தில் நிறுத்திய ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தொந்தரவும் இல்லை. இது எனக்கு உறைக்கவே இரண்டு வாரம் ஆனது. காக்கி புக்கிட்டில் வேறொரு வொர்க்‌ஷாப்பில் ஒரு பெரியவர் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் ஒளிபுகும் குழாயைப் போட்டுச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். டீசலோடு பூச்சி மாதிரி காற்றுக் குமிழ்கள் ஓடிவந்தன. டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ரப்பர் குழாய், கிளிப்புக்கு அடியில், மயிரிழை அளவு வெடித்திருந்தது. டீசல் வெளியே சொட்டவில்லை, ஏனென்றால் அது தள்ளும் பக்கம் இல்லை, உறிஞ்சும் பக்கம். குழாயும் இரண்டு கிளிப்பும் மாற்றினார், வேலை முடிந்தது.

எங்கே காற்று பிடிக்கிறது என்று பிரிக்க இன்னொரு வழி: சுத்தமான டீசல் உள்ள ஒரு டப்பாவிலிருந்து நேராகப் பம்புக்குக் குழாய் கொடுத்து ஸ்டார்ட் செய்வது. பிடித்துவிட்டால் குற்றவாளி டேங்குக்கும் பம்புக்கும் இடையில். பிடிக்காவிட்டால் பம்பிலோ அதற்கு அப்பாலோ. பென்ஸ், பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் டேங்குக்குள் மின்பம்ப் இருப்பதுண்டு. சாவியை ஆன் செய்ததும் பின் இருக்கைப் பக்கம் இரண்டு விநாடி ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் அங்கேயே பாருங்கள்.

ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடியுங்கள். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் அடியில் தங்கும், டீசல் மேலே நிற்கும். கறுப்பாகக் கொழகொழவென்று ஏதாவது வந்தால் அது தண்ணீர் தங்கிய டேங்கில் வளரும் நுண்ணுயிர்க் கூட்டம். ஃபில்டரை மட்டும் மாற்றினால் போதாது, டேங்கைக் கழுவ வேண்டும். வடித்த டீசலைத் தயவுசெய்து கால்வாயில் ஊற்றாதீர்கள். இங்கே மழைக்கால்வாய்த் தண்ணீரில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. பாட்டிலில் அடைத்து வொர்க்‌ஷாப்பில் கழிவு எண்ணெய்த் தொட்டியில் ஊற்றச் சொல்லுங்கள்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

இதுவரை சரி, ஆனாலும் புகை இல்லை என்றால் எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். ஃபோனோடு சேரும் மலிவான ஸ்கேனர்கூடப் பழுதுக் குறியீட்டைப் படித்துவிடும். ஆனால் குறியீட்டைவிட முக்கியம், செல்ஃப் அடிக்கும்போது ஓடும் எண்கள். இரண்டே இரண்டு எண் பாருங்கள்.

ஒன்று, எஞ்சின் வேகம். செல்ஃப் சுற்றும்போது 200, 250 என்று காட்ட வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால் கிராங்க் சென்சார் அல்லது அதன் ஒயர். எஞ்சின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, எப்படி டீசல் பீய்ச்சும்? பி0335 என்ற குறியீடு பதிந்திருந்தால் சந்தேகம் உறுதிப்படும். பதியாமலும் இருக்கலாம்.

இரண்டு, ரயில் அழுத்தம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் எஞ்சினில், அந்தக் குழாயின் அழுத்தம் ஓர் எல்லையைத் தொட்டால்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கும். வண்டிக்கு வண்டி மாறும், பொதுவாக 200 முதல் 300 பார் (அழுத்த அலகு). சாவி ஆன், எஞ்சின் நிற்கிறது, வெகுநேரம் ஆயிற்று என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போதே பெரிய எண் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 80, 100-இலேயே திணறினால் அழுத்தம் சேரவில்லை. பி0087 பெரும்பாலும் இதோடு வரும்.

அழுத்தம் சேராததற்குக் காரணம் பம்ப் கொடுக்கவில்லை, அல்லது கொடுத்தது எங்கோ கசிகிறது. ஹையேஸிலும் நிசான் வேன்களிலும் உள்ள டென்சோ பம்பின் முதுகில் எஸ்சிவி என்று ஒரு சின்ன உறிஞ்சல் கட்டுப்பாட்டு வால்வு இருக்கிறது. அது அழுக்கேறிச் சிக்கிக்கொள்வது டீசல்காரர்களுக்குப் பழகிய நோய். "பம்பே போச்சு" என்று யாராவது சொன்னால், எஸ்சிவியை மட்டும் முதலில் மாற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

கசிவு என்றால் இன்ஜெக்டர். ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு குழாயிலும் ஒரு சின்ன பாட்டிலைத் தொங்கவிட்டுச் செல்ஃப் அடித்தால், நான்கில் ஒன்று மட்டும் மளமளவென்று நிரம்பும். அதுதான் ஆள். இந்தச் சோதனை மின்காந்தத்தால் திறக்கும் சோலினாய்டு இன்ஜெக்டருக்கு. பியேசோ வகைக்குத் திரும்பு குழாயில் அழுத்தம் இருந்தே ஆக வேண்டும், அதை இப்படிக் கழற்றக் கூடாது.

பழைய டீசலில் இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பது எங்கள் அப்பா காலத்து வழக்கம். காமன் ரயிலில் அதைச் செய்யாதீர்கள். உள்ளே ஆயிரம் பாருக்கு மேல் போகக்கூடிய அழுத்தம். ஊசி முனை அளவு பீய்ச்சல் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் ஏற்றிவிடும். வெளியே சின்னக் கீறலாகத் தெரியும், உள்ளே விரலையே இழக்க வைக்கும். கசிவு தேடக் கையால் தடவவும் கூடாது.

புகை இருக்கிறது, பிடிக்கவில்லை

இப்போதுதான் ஹீட்டர் பிளக்கின் முறை. வீடியோக்களில் எல்லாம் அதைத்தான் முதலில் சொல்வார்கள், ஏனென்றால் அவை பனி கொட்டும் ஊரில் எடுத்தவை. இங்கே விடியற்காலையிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். நேரடியாகப் பீய்ச்சும் இன்றைய எஞ்சின்கள் அந்த வெப்பத்தில் ஹீட்டர் பிளக் இல்லாமலே பெரும்பாலும் பிடித்துவிடும். டீசலை முதலில் ஒரு சின்ன முன்னறையில் பீய்ச்சும் பழைய எஞ்சின் வேறு. அதற்கு நம் ஊரிலும் ஹீட்டர் வேண்டும், காலையில் வெள்ளைப்புகை தள்ளித் தள்ளித்தான் பிடிக்கும். பிளக்கின் ஒயரைக் கழற்றி, பிளக்குக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஓர் ஓமைச் சுற்றி, அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. முடிவே இல்லாமல் காட்டினால் எரிந்துவிட்டது.

காற்று வழியையும் பாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை செல்ஃப் அடியுங்கள். இன்டேக்கில் உள்ள தட்டு மூடியபடி சிக்கியிருந்தாலும், எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விடும் ஈஜிஆர் வால்வு கரி அப்பித் திறந்தபடி நின்றாலும், பிடிக்க வேண்டிய எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடும்.

இதெல்லாம் சரி என்றால் அமுக்கம். ஹீட்டர் பிளக் துளையில் மீட்டரை மாட்டிப் பார்ப்பார்கள். 20 பாருக்குக் கீழே இறங்கினால் பிடிப்பது சிரமம். நான்கு சிலிண்டருக்குள் பெரிய வித்தியாசம் இருந்தாலும் கவலைக்குரியதே.

சூடான பிறகு மட்டும் பிடிக்காத வண்டி

காலையில் ஒரே அடியில் பிடிக்கும். தேக்காவில் சரக்கு இறக்கிவிட்டு வந்தால் பிடிக்காது, அரை மணி நேரம் ஆறினால் மறுபடி பிடிக்கும். இதற்கு இரண்டு வழக்கமான காரணம்: சூட்டில் செத்து ஆறினால் உயிர் பெறும் கிராங்க் சென்சார், அல்லது தேய்ந்த பம்பும் இன்ஜெக்டரும். சூடான டீசல் தண்ணீராக இளகி, தேய்ந்த இடுக்கு வழியாகக் கசிந்துவிடும். பிடிக்காத அந்த நேரத்திலேயே ஸ்கேனரை மாட்டி மேலே சொன்ன இரண்டு எண்ணையும் பாருங்கள். ஆறிய பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாது. வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போவதற்குள் ஆறிவிடுவதால்தான் "எங்களிடம் நன்றாகத்தானே பிடிக்கிறது" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

வொர்க்‌ஷாப்பில் என்ன சொல்வது

"ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொன்னால் அவர்கள் ஊகிக்கத்தான் செய்வார்கள், ஊகத்துக்குக் காசு நீங்கள் கொடுப்பீர்கள். "செல்ஃப் வேகம் சரி, புகை இல்லை, பிரைமர் இறுகுது, செல்ஃப் அடிக்கும்போது ரயில் பிரஷர் 90 பார்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சின் தோரணையே மாறும். சைலன்சர் வாயையும் ஸ்கேனர் திரையையும் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்ஜெக்டர் என்று முடிவானால் சோதனை பெஞ்சில் போட்ட அறிக்கையைக் கேளுங்கள். மாற்றும் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் பெரும்பாலும் ஒரு குறியீடு இருக்கும், அதைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் குலுங்கிக்கொண்டே ஓடும். பிறகு சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழின் கணக்கு. என் நண்பர் ஒருவருடைய வேனுக்கு சிஓஇ முடிய ஏழு மாதம்தான் பாக்கி. நான்கு புது இன்ஜெக்டர் போடச் சொன்னார்கள். பாட்டில் சோதனையில் மூன்றாவது மட்டும்தான் கசிந்தது. அந்த ஒன்றை மட்டும் ரீகண்டிஷன் செய்து, குறியீட்டைப் பதிந்து, ஃபில்டரையும் மாற்றி ஓட்டினார். ஏழு மாதமும் ஓடியது.